பழைய சிஸ்டத்தை அணைக்கும் வேலை

அன்புள்ள கண்மணிக்கு,

இந்தப் பதவிக்கு வந்த பிறகு ஒரு வரி ப்ரோக்ராம் கோடுகூட எழுதவில்லை, நாள் முழுக்க மீட்டிங், சாயங்காலம் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்று போனில் வருத்தப்பட்டாய். கம்பெனியின் சிஸ்டங்கள் எல்லாம் எப்படிச் சேர்ந்து இயங்க வேண்டும் என்று திட்டமிடும் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் ஆகிறவர்கள் பலருக்கும் முதல் வருஷம் இந்தத் தவிப்பு இருக்கும். அது போய்விடும். எனக்குக் கவலை தந்தது நீ அடுத்துச் சொன்னதுதான். இரண்டு கம்பெனிகள் இணைந்ததால் வந்த இரண்டு பில்லிங் சிஸ்டங்களில் எது இருக்கும், எது போகும் என்று முடிவாகிவிட்டது, படமும் வரைந்து கொடுத்தாயிற்று, உன் பங்கு முடிந்தது என்றாய். முடியவே இல்லை கண்ணு. உன் வேலை இனிமேல்தான் ஆரம்பிக்கிறது.

புதிதாக ஒன்றைக் கொண்டுவர எந்தக் கம்பெனியிலும் பணம் கிடைக்கும். பழையதை அணைக்கப் பணம் கேட்டால்தான் எல்லாரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். புது சிஸ்டம் ஓட ஆரம்பித்த அன்றே ப்ராஜெக்ட்டின் பட்ஜெட் தீர்ந்திருக்கும், டீமும் கலைந்திருக்கும். இரண்டு ரிப்போர்ட் மட்டும் பழையதில் பாக்கி, அடுத்த காலாண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அந்தக் காலாண்டு வராது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன ஒரு சர்வரும், அதைப் பற்றித் தெரிந்த ஒரே ஒரு ஆளும் மிஞ்சுவார்கள்.

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததை நீ தேடிப் படிக்க வேண்டும். 2003-லேயே பயன்படுத்துவதை நிறுத்திய ஒரு பகுதி, நீக்கப்படாமல் கோடுக்குள் கிடந்தது. அதை இயக்க வைத்திருந்த ஃபிளாகையே, அதாவது ஆன்-ஆஃப் குறியையே, ஒரு புது வசதிக்கு எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஏழில் புதிய கோடு ஏறியது, ஒன்றில் விட்டுப்போனது. சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் பழைய பகுதி இயங்கி, நிறுத்தாமல் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அடுத்த வருஷமே அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைய வேண்டியதாயிற்று. சர்வரில் கோடு ஏற்றும்போது கவனம் வேண்டும் என்பதற்குத்தான் பெரும்பாலும் இதைச் சொல்வார்கள். அதுவும் சரிதான். ஆனால் என் கண்ணில் படுவது அந்த ஒன்பது வருஷம். யாருமே அதை நீக்கும் வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதனால் முதலில் லாகை, அதாவது சிஸ்டத்துக்குள் யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவைப் பார். போகப்போகும் பில்லிங் சிஸ்டத்துக்குள் இன்னும் யார் வருகிறார்கள்? ஆட்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். ராத்திரி தானாக ஓடும் பேட்ச் ஜாப்கள், வேறு சிஸ்டங்களுக்கு ஃபைல் எடுத்துப்போகும் இன்டர்ஃபேஸ்கள், நேராக டேட்டாபேஸோடு யாரோ இணைத்துவைத்த எக்செல் என்று மற்றவைதான் அதிகம் இருக்கும். ஒரு மாத லாகை மட்டும் நம்பாதே. வருஷக் கணக்கு முடிக்கும்போது மட்டும் ஓடுவது இருக்கும், தணிக்கையாளர் வந்தால் மட்டும் கேட்கும் ரிப்போர்ட் இருக்கும். அந்தக் கணக்கு ஒருமுறை முடியும்வரை, பார்க்கலாம் ஆனால் எதையும் பதிய முடியாது என்ற நிலையில் வைத்திரு. இதுவரை வாய் திறக்காதவர்கள் அப்போதுதான் வந்து கேட்பார்கள். சட்டப்படி பாதுகாக்க வேண்டிய பில்களை வெளியே எடுத்துவை. பழைய மென்பொருள் இல்லாமலே அவற்றைத் திறந்து படிக்க முடிகிறதா என்று ஒருமுறை சோதித்துவிடு. கடைசியில் கணக்குகள், பாஸ்வேர்டுகள், ஃபயர்வால் விதிகள் எல்லாம் போக வேண்டும். இன்னொன்று: லைசென்ஸ் எப்போது புதுப்பிக்கப்படுகிறது என்று ஒப்பந்தத்தை வாங்கிப் பார். நிதித் துறையிடம் அணைக்கும் தேதியைப் பேச, இதைவிடப் பலமான காரணம் எனக்குத் தெரிந்து கிடையாது.

என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சருக்கான பொதுவான முறைகளைத் தொகுத்துச் சொல்லும் டோகாஃபில் தேர்வு எழுதலாமா என்று கேட்டிருந்தாய். எழுது. எல்லாரும் ஒரே சொற்களில் பேச அது உதவும். ஆனால் வணிகப் பிரிவினர் இருக்கும் மீட்டிங்கில் அந்தச் சொற்களை எடுக்காதே.

ஜான் ஜாக்மன் 1987-ல் ஐபிஎம் ஆய்விதழில் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கு ஒரு முக்கியமான தொடக்கம். அதில் அவர் போட்ட அட்டவணையில் என்ன, எப்படி, எங்கே என்ற மூன்று கேள்விகளைத்தான் விரித்திருந்தார். யார், எப்போது, ஏன் ஆகிய மூன்றும் 1992-ல்தான் முழுதாகச் சேர்ந்தன. கம்பெனிகளிலும் இப்படித்தான், அந்த ஏன் கடைசியில்தான் வரும், பல இடங்களில் வராமலே போகும். இந்த சிஸ்டத்தை ஏன் வாங்கினோம், அந்த இன்டர்ஃபேஸ் ஏன் இப்படி இருக்கிறது என்று எழுதிவைக்காததால்தான் பிறகு தொடப் பயப்படுகிறார்கள். முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுது. சூழ்நிலை என்ன, என்ன முடிவு, அதனால் எதை இழக்கிறோம், அது போதும். மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011-ல் சொன்ன முறையும் கிட்டத்தட்ட இதுதான். நிராகரித்த வழியையும் அதில் சேர்த்துவிடு. அடுத்து வருபவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அப்புறம் மனிதர்கள். ஒரு அமைப்பு உருவாக்கும் சிஸ்டம், அந்த அமைப்புக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ அந்த வடிவத்தில்தான் அமையும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-லேயே எழுதினார். உங்கள் கம்பெனியில் பில்லிங் பிரிவுக்கு இன்னும் இரண்டு தலைவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அப்படியே விட்டால், மிஞ்சுகிற ஒரே சிஸ்டத்துக்குள்ளேயே இரண்டு பில்லிங் முளைக்கும். இதை உன் மேலதிகாரியிடம் தெளிவாகச் சொல். படம் வரைகிறவளுக்கு இது எதற்கு என்று யாராவது கேட்டால் கேட்கட்டும்.

உன் முடிவால் யாருடைய சிஸ்டம் போகிறதோ, அந்த டீமை இன்னும் சந்திக்கவில்லை என்றாய். பல வருஷம் அதைக் காப்பாற்றி வைத்தவர்கள் அவர்கள். எந்த ஜாப் எங்கே ஓடுகிறது என்று உனக்குச் சொல்லப்போவதும் அவர்கள்தான். வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்கு முன்னால் அவர்கள் மேலாளரோடு தனியாக உட்கார்ந்து பேசிவிடு. எல்லார் முன்னாலும் ஸ்லைடைப் பார்த்துத்தான் அவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வைக்காதே. அந்த டீமுக்கு அடுத்து என்ன வேலை என்று அவர் கேட்பார். அதற்கான பதிலை உன் மேலதிகாரியிடம் முன்பே வாங்கிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா