2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, முகூர்த்த நாள் என்று தெரிந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு நம் வண்ணத்துப்பூச்சிச் சங்கம் உருப்படியாகச் செய்த வேலை ஒன்றுதான். காங்கயத்துக்குத் தெற்கே கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவில், இருபுறமும் உயிர்வேலியோடு ஓடும் இட்டேரி என்னும் மண்பாதை ஒன்றில் ஞாயிறுதோறும் நடந்து வண்ணத்துப்பூச்சிகளை எண்ணினோம். பிரிட்டனில் 1976 முதல் இப்படித்தான் எண்ணுகிறார்கள். பாதை மாறக்கூடாது, நடை வேகம் மாறக்கூடாது. இருபுறமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர், அதற்குள் வரும் பூச்சியை மட்டும் எழுத வேண்டும். இருபதடி தள்ளி எவ்வளவு அரிய பூச்சி உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் சேராது. கேமராவோடு வந்த நண்பர்கள் இரண்டு பேர் இதனாலேயே மூன்றாவது வாரம் கழன்றுகொண்டார்கள். அவர்கள் மேல் வருத்தமில்லை. படம் எடுப்பது வேறு, எண்ணுவது வேறு.

வருகைப் பதிவேட்டில் சித்திரை, வைகாசிப் பக்கங்கள் வெறிச்சோடியிருக்கின்றன. அந்த வாரங்களைச் 'சுழியம்' என்று நிரப்பச் சிலர் யோசனை சொன்னார்கள், நான் ஒப்பவில்லை. நாம் போகவில்லை என்பதும் பூச்சி இல்லை என்பதும் ஒன்றல்ல.

தொடக்கத்தில் எழுதிய தாள்களில் ஒரு குழப்பம் இருந்ததையும் பதிவு செய்கிறேன். கறிவேப்பிலை அழகியின் பெண்பூச்சி, நஞ்சுள்ள ரோஜா அழகியைப் போலவும் சிவப்புடல் அழகியைப் போலவும் வேடம் போடும். பறவைகள் ஏமாறுவது போலவே நாமும் ஏமாந்தோம். ஆவணி மாதம் ஒருநாள் காலை, ஈரம் காயாத உண்ணிப்பூவில் ஒன்று வந்து அமர்ந்தது. பள்ளி மாணவி ஒருத்தி குனிந்து பார்த்து, "சிறகை விடுங்கள் அண்ணா, உடம்பைப் பாருங்கள், கறுப்பாக இருக்கிறது" என்றாள். அவ்வளவுதான் சூட்சுமம். அசலுக்கு உடல் சிவப்பு, வேடதாரிக்குக் கறுப்பு. அதற்கு முந்தைய தாள்களில் இம்மூன்றின் எண்ணிக்கையையும் அடித்துவிட்டோம்.

அக்டோபர், நவம்பரில் நீல வரியன்கள் மேற்கு நோக்கிப் போவதைப் பார்த்தோம். கோடையில் தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டுக் கிழக்கே இறங்கும் கூட்டம் திரும்பும் காலம் அது. இட்டேரியில் கிலுகிலுப்பைச் செடி நின்ற இடத்தில் மட்டும் ஆண்பூச்சிகள் கொத்தாகத் தொங்கிக் காய்ந்த தண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தன. பெண்பூச்சியை ஈர்க்கும் மணத்துக்கான சரக்கு அந்தச் செடியில்தான் கிடைக்கிறது.

கல்லாறு பயணமும், 2024 ஆகஸ்டில் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த நஞ்சராயன் குளத்துப் பயணமும் நல்லபடியாக முடிந்தன. கல்லாற்றில் ஈரமணலில் உப்புச்சத்து உறிஞ்ச அமர்ந்த கூட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். குளத்தில் எல்லாரும் பறவையைத்தான் பார்த்தார்கள்.

வருத்தமான செய்தி ஒன்று. ஒரு பள்ளியில் நாம் வைத்துக் கொடுத்த வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் புழு பிடித்திருப்பதாகச் சொல்லி, ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் முதல்நாள் மருந்து அடித்துவிட்டார்கள். வேலி ஓரத்து எருக்கையும் வெட்டியாயிற்று. வெந்தய வரியன் முட்டையிடும் செடி அது. புழு தின்றால்தான் பூச்சி வரும் என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னோம். தோட்டத்தைப் பராமரிப்பவரிடம் சொல்ல மறந்தோம். பாதிக் குற்றம் நம்முடையது.

இனி வேலி விவகாரம். மாசி மாதம் நம் இட்டேரியின் இடதுபக்கம் கிளுவை என்னும் முள்மர உயிர்வேலியைப் பிடுங்கிக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். நிலத்துக்காரர் நல்ல மனிதர். ஆடு நுழைகிறது, வேலி கட்ட ஆள் கிடைக்கவில்லை என்று அவர் சொல்வதை மறுக்க முடியவில்லை. ஆனால் கிளுவையோடு சேர்த்து அதில் படர்ந்த கோவைக்கொடியும் தொரட்டியும் நிழலடியில் கிடந்த ஆடுதீண்டாப்பாளையும் போய்விட்டன. சிவப்புடல் அழகியின் புழுவுக்கு ஆடுதீண்டாப்பாளைக் குடும்பத்தைத் தவிர வேறு சோறு கிடையாது. அந்தச் செடியின் நஞ்சைத் தின்றே அது தன்னைக் காத்துக்கொள்கிறது. அதற்குப் பின் நடந்த ஞாயிறுகளில் எங்கள் தாளின் இடதுபக்கக் கட்டங்கள் பெரும்பாலும் காலி. வலதுபக்கத்தில் பழையபடி எழுத இடம் போதவில்லை. சில வாரத் தாள்களை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் வனத்துறை எல்லைக்குள்தான் பாதுகாப்பு என்று பேசும் நண்பர்கள் ஒருமுறை அந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும்.

நிலத்துக்காரரிடம் பேசினோம். கம்பிவேலிக்கு வெளியே இரண்டடி விட்டுக் கிளுவைப் போத்து, அதாவது நட்டால் துளிர்க்கும் கிளைத்துண்டு, ஊன்றிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார், செலவு நம்முடையது என்ற நிபந்தனையோடு. வரவு செலவைப் பொருளாளர் வாசித்தபின் இதற்கான தொகையைப் பேரவை தீர்மானிக்க வேண்டும். போத்து வெட்டிக்கொள்ள வேலி வைத்திருக்கும் உறுப்பினர்கள் இன்றே பெயர் கொடுக்கலாம். கடப்பாரை என்னிடம் இரண்டு இருக்கிறது.