மானுக்கு எந்தக் குண்டு? சீசனுக்கு முன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும் ஒன்பது நாள் துப்பாக்கி சீசன் நெருங்கிவிட்டால் விஸ்கான்சினில் எங்கள் மாதிரிக் கடைகளில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். தோட்டாவை வீட்டிலேயே ரீலோட் செய்கிறேன் (சுட்ட கூட்டில் வெடிமருந்தும் புதுக் குண்டும் வைத்து நிரப்புகிறேன்), மானுக்கு எந்தக் குண்டு போடலாம், பேசாமல் இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்துக்கொண்டு போய்விடட்டுமா? வரிசையில் நான்கு பேர் நிற்கும்போது இதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடிவதில்லை, அதனால் எழுதியே அனுப்புகிறோம்.

முதலில் எங்கள் வியாபாரத்துக்கு ஆகாத ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறோம். உங்கள் துப்பாக்கிக்கான தோட்டா .308 வின்செஸ்டரோ .30-06-ஓ .270-ஓ, நீங்கள் சுடும் தூரம் 200 கெஜத்துக்குள், மான் பக்கவாட்டில் நின்றால்தான் விசையை இழுப்பேன் என்கிற பொறுமையும் உங்களுக்கு உண்டு என்றால், செம்பு உறைக்குள் ஈயம் வைத்த சாதாரணக் குண்டே போதும். ஹார்னடி இன்டர்லாக், சியரா கேம்கிங், ஸ்பியர் ஹாட்-கோர், இவையெல்லாம் பல பத்தாண்டுகளாக மானை விழுத்திக்கொண்டுதான் இருக்கின்றன. வெள்ளைவால் மானின் விலா எலும்பு மெல்லியது, நெஞ்சுக்கூடும் அப்படி ஒன்றும் ஆழமில்லை, அதனால் நுரையீரலின் நடுவே போகிற எந்த நல்ல குண்டும் வேலையை முடித்துவிடும். பெட்டியைப் பார்த்து விலையை ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: சாதாரணக் குண்டு பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு 100 வரும், விலை கூடியது 50 தான் வரும், ஆகவே ஒரு குண்டுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் கூடுதல் பணம் எங்கே வேலை செய்கிறது? இதில் முடிவு செய்வது குண்டின் பெயர் இல்லை, மானைத் தொடும் நொடியில் குண்டுக்கு இருக்கும் வேகம்தான்.

கடைக் கண்ணாடி அலமாரியில் நீளவாக்கில் அறுத்த குண்டுகளை வைத்திருக்கிறோம், வரும்போது கையில் எடுத்துப் பாருங்கள். சாதாரணக் குண்டில் செம்பு உறை மூக்குப் பக்கம் மெலிந்தும் அடிப்பக்கம் தடித்தும் இருக்கும், உள்ளே முழுக்க ஈயம். உடம்பில் பட்டதும் மூக்கு பிளந்து காளான் மாதிரி விரிய வேண்டும், அதுதான் கணக்கு. வேகம் குறைந்தால் விரியாமல் பென்சில் கனத்துக்கு ஒரு ஓட்டை போட்டுவிட்டு வெளியே போய்விடும், வேகம் மிஞ்சினால் உறை ஒரு பக்கம் ஈயம் ஒரு பக்கம் என்று சிதறிவிடும். .308-இல் 150 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு குழலை விட்டு நொடிக்கு ஏறக்குறைய 2,800 அடி வேகத்தில் கிளம்புகிறது, 300 கெஜம் போனாலும் 2,000 அடிக்கு மேல்தான் இருக்கும். சாதாரணக் குண்டு சுகமாக வேலை செய்யும் வேகம் இது. ஆனால் 7 எம்.எம். ரெமிங்டன் மேக்னம் என்கிற பலம் கூடிய தோட்டாவில் 140 கிரெய்ன் குண்டு 3,100 அடிக்கு மேல் கிளம்பும். வடக்கே அடர்ந்த காட்டில் 40 கெஜத்தில் ஒரு மான் வந்து நிற்கிறது, குண்டு முன்சப்பை எலும்பில் படுகிறது என்று வையுங்கள், மெல்லிய உறைக் குண்டு அந்த இடத்திலேயே உடைந்து, சப்பை முழுக்க ரத்தக்கட்டாகி, உள்ளே போக வேண்டிய அளவுக்குப் போகாமலும் போகலாம். மான் காயத்தோடு ஓடிவிடும். நீங்கள் கொடுக்கிற கூடுதல் பணம் இதைத் தடுக்கத்தான்.

இந்தக் கவலையில் பிறந்ததுதான் நாஸ்லர் பார்ட்டிஷன். 1946-இல் ஜான் நாஸ்லர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் .300 ஹெச் அண்ட் ஹெச் துப்பாக்கியோடு மூஸ் என்கிற பெரிய மான் வேட்டைக்குப் போனார், உடம்பெல்லாம் சேறு அப்பிக் காய்ந்திருந்த அந்தப் பெரிய மிருகத்தின் மேல் அவர் குண்டுகள் உள்ளே போகாமல் மேலாக உடைந்துவிட்டன. திரும்பி வந்து குண்டின் நடுவே செம்பிலேயே ஒரு தடுப்புச் சுவர் விட்டுச் செய்தார், 1948-இல் அது விற்பனைக்கு வந்தது. அறுத்த பார்ட்டிஷனில் அந்தச் சுவர் பளிச்சென்று தெரியும்: முன்னறை ஈயம் விரிந்து சிதறும், பின்னறை அப்படியே முழுசாகத் தள்ளிக்கொண்டு போகும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எடை மிஞ்சும். இத்தனை வருடம் கழித்தும், எல்லா வேகத்துக்கும் எல்லாக் கோணத்துக்கும் ஒரே ஒரு குண்டு சொல்லுங்கள் என்றால் எங்கள் வாயில் முதலில் வருவது இதுதான்.

அடுத்தது ஈயத்தையும் உறையையும் பிரிய விடாமல் ஒட்டவைத்த குண்டுகள்: நாஸ்லர் அக்யூபாண்ட், ஹார்னடி இன்டர்பாண்ட், ஸ்விஃப்ட் சிராக்கோ. வயல் ஓரத்தில் 250 கெஜத்திலும் சுட வேண்டிவரும், புதருக்குள் 30 கெஜத்திலும் சுட வேண்டிவரும் என்கிற தெற்கு விஸ்கான்சின் வேட்டைக்காரருக்கு இவை பொருத்தம். ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம் அருமையான குண்டு, ஆனால் அது எல்க், மூஸ், கரடிக்கு, வெள்ளைவால் மானுக்கு அவ்வளவு தேவையில்லை.

மூன்றாவது முழுச் செம்பு, இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பார்ன்ஸ் 1980-களின் கடைசியில் எக்ஸ் குண்டைக் கொண்டுவந்தது, இப்போது அதே வழியில் டி.எஸ்.எக்ஸ்., டி.டி.எஸ்.எக்ஸ்., ஹார்னடி சி.எக்ஸ்., நாஸ்லர் ஈ-டிப் எல்லாம் இருக்கின்றன. ஈயமே கிடையாது. மூக்கில் ஒரு குழி, பட்டதும் நான்கு இதழாகவோ ஆறு இதழாகவோ பின்பக்கம் மடங்கும், எடை அநேகமாகக் குறையவே குறையாது. முன்சப்பையில் பட்டாலும் ஊடுருவி அந்தப் பக்கம் வெளியேறும், கறி வீணாவதும் குறைவு.

பலரும் இதற்கு மாறுவதற்குக் காரணம் கொத்துக்கறி. ஈயக் குண்டு உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்தைத் தாண்டியும் சிதறுகின்றன. 2008-இல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் கொத்துக்கறியில் ஈயத் துணுக்குகள் இருப்பது தெரிந்து அதைக் கொடுக்க வேண்டாம் என்று அரசு சொன்னது. அதே வருடம் அங்கே 738 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, வேட்டைக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஈயம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அன்று குழந்தைகளுக்குக் கவலைக்குரியது என்று வைத்திருந்த, ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 10 மைக்ரோகிராம் என்கிற அளவை யாரும் தாண்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஆனால் அந்த அளவையே 2012-இல் 5 என்றும் 2021-இல் 3.5 என்றும் இறக்கிவிட்டார்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் துப்பாக்கி வேட்டைக்கு ஈயமே கூடாது. விஸ்கான்சினில் மானுக்கு அப்படிச் சட்டம் இல்லை, உங்கள் விருப்பம்தான். ஆனால் வீட்டில் சின்னக் குழந்தைகளோ கர்ப்பிணிகளோ அந்தக் கறியைச் சாப்பிடுவார்கள் என்றால் செம்புக்கு மாறிவிடுங்கள் என்பதுதான் எங்கள் ஆலோசனை, இதை விற்பனைக்காகச் சொல்லவில்லை.

செம்புக்கு மாறும்போது எடையை ஒரு படி இறக்குங்கள். செம்பு ஈயத்தைவிட லேசான உலோகம், அதனால் அதே எடையில் குண்டு நீளமாகிவிடும், நீளமான குண்டை நிலையாகச் சுழற்ற உங்கள் குழலின் முறுக்கு (குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டிய வரிகளின் திருகல்) போதாமல் போகலாம். ஈயத்தில் 165 போட்டவர் செம்பில் 150, 150 போட்டவர் 130, 6.5 கிரீட்மோரில் 140 போட்டவர் 120 அல்லது 127. லேசானது வேகமாகவும் போகும், அது நல்லதுதான், ஏனென்றால் செம்பு விரிய வேகம் வேண்டும். மானை அடையும்போது வேகம் நொடிக்கு 2,000 அடிக்குக் கீழே போய்விடும் தூரத்தில் செம்பை நம்பிச் சுடாதீர்கள். சில குண்டுகள் அதற்குக் கீழும் விரியும், தயாரிப்பாளர் குறைந்தபட்ச வேகத்தை வெளியிட்டிருப்பார், அதைப் பாருங்கள். .30-30 வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், அதில் 200 கெஜத்தில் வேகம் 1,600 அடிக்குப் பக்கத்தில் வந்துவிடும், .308-க்குச் செய்த செம்புக் குண்டு அங்கே சரியாக விரியாமல் போகலாம். அப்புறம் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழல் போன்ற மேகசினில் கூர்மூக்குக் குண்டு கூடவே கூடாது, ஒன்றின் மூக்கு முன்னால் உள்ளதன் பிரைமரில் (தோட்டாவின் அடியில் தட்டினால் தீப்பற்றும் பகுதி) முட்டிக்கொண்டு நிற்கும், அதிர்ச்சியில் உள்ளேயே வெடிக்கலாம். தட்டை மூக்கோ ஹார்னடியின் மென்மூக்கு எஃப்.டி.எக்ஸ்.-ஓ வாங்குங்கள்.

இதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்: எடை ஒன்றாக இருந்தால் வெடிமருந்தின் அளவும் ஒன்று என்று நினைக்காதீர்கள். 150 கிரெய்ன் ஈயக் குண்டுக்கு நீங்கள் பழகிவைத்திருக்கும் அளவை 150 கிரெய்ன் செம்புக்கு அப்படியே போடக்கூடாது. செம்பு நீளம், தோட்டாக் கூட்டுக்குள் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும், கடினமும் கூட, அழுத்தம் எகிறிவிடும். அந்தக் குண்டுக்கென்று தயாரிப்பாளர் வெளியிட்ட லோட் புத்தகத்தில் (வெடிமருந்து அளவுகளின் பட்டியல்) தொடக்க அளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுங்கள். பார்ன்ஸ் குண்டுகளைக் குழலின் வரிகளிலிருந்து 0.050 அங்குலமாவது தள்ளி அமர்த்தச் சொல்கிறார்கள், அதை மதித்தால் குறியும் பெரும்பாலும் நன்றாக வரும். மாறுவதற்கு முன் குழலில் படிந்த பழைய செம்பைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள், எடுக்காமல் சுட்டுவிட்டு குண்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

மேட்ச் குண்டு, அதாவது குறி சுடும் போட்டிக்கான குண்டு, கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சியரா மேட்ச்கிங் தாளில் ஒரே ஓட்டையாகச் சுடுகிறது என்பது உண்மை, அதைக் காட்டில் மானுக்கும் போடலாமே என்று தோன்றும். அதன் மூக்கில் இருக்கும் சின்னத் துளை விரிவதற்கு வைத்ததில்லை, வேட்டைக்கு வேண்டாம் என்று சியராவே சொல்கிறது. நாங்களும் மான் வேட்டைக்கு என்று கேட்பவருக்கு அதை எடுத்துக் கொடுப்பதில்லை.

சாதாரணக் குண்டில் பயிற்சி செய்துவிட்டு விலை கூடியதைக் காட்டுக்கு எடுத்துப் போவது தப்பில்லை, ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் படும் என்று நம்ப முடியாது. கடைசியாக ஸ்கோப்பைச் சரிசெய்வது வேட்டைக்கு வைத்திருக்கும் தோட்டாவில்தான் இருக்க வேண்டும், அதற்காகப் பெட்டியில் பத்துப் பதினைந்து போனால் போகட்டும்.

இந்த மடலை இந்தியாவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிறவர்கள் கவனிக்க: அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இதெல்லாம் இங்கே உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிறவர்களுக்கு எழுதியது.

கடைக்கு வரும்போது துப்பாக்கியின் காலிபர், குழலின் முறுக்கு, மேகசினுக்குள் தோட்டாவுக்கு எவ்வளவு நீளம் இடம் இருக்கிறது, போன வருடம் எவ்வளவு தூரத்தில் சுட்டீர்கள், இந்த நான்கையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். முறுக்கு தெரியாவிட்டால் பரவாயில்லை, துப்பாக்கியின் மாடல் பெயர் இருந்தால் பார்த்துச் சொல்லிவிடுவோம். 130, 150 கிரெய்ன் செம்புக் குண்டுகள் சீசன் நெருங்கும்போது சீக்கிரம் தீர்ந்துவிடும், வேண்டியவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தால் தனியாக எடுத்துவைக்கிறோம். பிரிக்காத பெட்டியைத் திருப்பிக் கொடுத்து வேறு எடை வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
கடையில் இருக்கும் எல்லாரும்