ஹெம்ப் பூ வளர்க்க நினைப்பவர்கள் முதலில் விகிதத்தைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வேளாண் பக்கத்தில், ஹெம்ப் செடியை (போதை மிகக் குறைந்த கஞ்சா வகை) பூவுக்காகவும், அந்தப் பூவில் இருக்கும் போதை தராத சிபிடி என்ற சேர்மத்துக்காகவும் வளர்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். செர்ரி ஒயின் ரகத்தின் பழ வாசனையையும் பிசின் படிந்த பூங்கொத்தையும் பற்றி எழுதியதெல்லாம் சரிதான், அது பெயர் வாங்கியதற்குக் காரணமும் அதுதான். ஆனால் விதை வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே கட்டுரையில் இல்லை. சிபிடி எத்தனை சதவீதம் என்பது இரண்டாவது கேள்வி. சிபிடிக்கும், போதை தரும் டிஎச்சி என்ற சேர்மத்துக்கும் என்ன விகிதம் என்பதுதான் முதல் கேள்வி.

செடிக்குள் சிபிடியை உருவாக்கும் நொதி, கூடவே கொஞ்சம் டிஎச்சியையும் உருவாக்கிக்கொண்டே இருக்கும். நல்ல ரகங்களில் இருபது முதல் முப்பது பங்கு சிபிடிக்கு ஒரு பங்கு டிஎச்சி என்ற கணக்கில் வரும். பூ முற்ற முற்ற இரண்டும் சேர்ந்தேதான் ஏறும், ஒன்றை ஏற்றி மற்றதை இறக்க வழி கிடையாது. இந்த ரகங்கள் பெருகிய அமெரிக்காவில் 2018 வேளாண் சட்டம் வைத்த வரம்பு, உலர் எடையில் 0.3 சதவீத டிஎச்சி. விகிதம் 25க்கு 1 என்றால் அந்த வரம்பைத் தொடும்போது சிபிடி 7.5 சதவீதம்தான் இருக்கும். அப்படியானால் 18 சதவீதம் சிபிடி என்று விளம்பரம் செய்கிறார்களே, அதில் மொத்த டிஎச்சி 0.7க்கு மேல் இருந்தாக வேண்டும். பச்சைப் பூவில் டிஎச்சி பெரும்பாலும் அமில வடிவில் இருக்கும், சூடுபட்டால்தான் மாறும், அந்த அமிலத்தைக் கணக்கில் சேர்க்காத ஆய்வகச் சான்றிதழ் அழகாகத்தான் தெரியும். ஆனால் அங்கே வயலில் மாதிரி எடுத்துச் சோதிக்கும் அரசு முறை அமிலத்தையும் சேர்த்தே மொத்த டிஎச்சியைக் கணக்கிடுகிறது. வரம்பைத் தாண்டினால் பயிரை அழிக்க வேண்டும், அல்லது பூவை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் செடியை மொத்தமாக அரைத்து மறுபடி சோதனைக்குக் கொடுக்க வேண்டும். பூவுக்காகப் பாடுபட்டவருக்கு இதில் என்ன மிஞ்சும்?

தண்ணீர் குறைந்தால் டிஎச்சி ஏறும், வெயில் அதிகமானால் ஏறும், மொத்தத்தில் செடி வருந்தினால் ஏறும் என்று பலர் சொல்வதுண்டு. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செடிகளை வெள்ளத்தில் நிறுத்தியும் காயப்படுத்தியும் பார்த்தார்கள், அந்த விகிதம் பெரிதாக அசையவில்லை. அதைத் தீர்மானிப்பது மரபணு. விவசாயி கையில் இருப்பது அறுவடை நாள் ஒன்றுதான். ஆகவே பூ விடத் தொடங்கியதும் வாராவாரம் சொந்தச் செலவிலாவது மாதிரி கொடுத்துப் பார்ப்பது வீண் செலவே இல்லை.

பெயரையும் அப்படியே நம்ப முடியாது. ஒரே பெயரில் பலர் விதை விற்கிறார்கள், ஒரே பையில் வந்த விதைகளே உயரத்திலும் பூக்கும் நாளிலும் வேறுபடும். தாய்ச்செடியிலிருந்து குச்சி வெட்டி வேர்விட வைத்த கன்றுகள் ஒரே சீராக வரும், விலைதான் அதிகம். பெண் செடிகளே முளைக்கும்படி தயாரித்த பெண் விதை என்று வாங்கினாலும் வயலில் நடந்து பார்த்து ஆண் செடிகளைப் பிடுங்கியாக வேண்டும், மகரந்தம் பட்டால் பூ விதை பிடித்துவிடும், சிபிடி குறைந்துவிடும். காற்றில் மகரந்தம் வெகுதூரம் போகும் என்பதால், பக்கத்தில் யாராவது நாருக்காக ஹெம்ப் போட்டிருந்தால் இந்தத் தொழிலையே யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, இவை பெரும்பாலும் நீண்ட கோடைப் பகல் உள்ள வடக்கு நிலங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகங்கள். பகல் சுருங்கும்போதுதான் பூக்கும். பூமத்தியரேகைக்கு அருகில் பகல் எப்போதுமே குட்டையாக இருப்பதால், கூடுதல் விளக்கு வெளிச்சம் இல்லாவிட்டால் முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடக்கூடும்.

அப்புறம் உலர்த்துவது. கட்டுரை இதை ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்கு வருத்தம். பறித்த பூவின் எடையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர், அதைப் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதுவும் வெயில் படாமல், இருட்டில், காற்றோட்டத்தில், மெதுவாக. அவசரப்பட்டுச் சூடேற்றினால் வாசனை போய்விடும், தாமதித்தால் பூசணம் பிடிக்கும். அடர்ந்த பூங்கொத்துக்கு உள்ளே தொடங்கும் அழுகல் வெளியே தெரியும்போது பாதி போயிருக்கும். 2019ல் அமெரிக்க விவசாயிகள் பலர் அளவுக்கு மீறிப் பயிரிட்டார்கள், உலர்த்த இடமும் எண்ணெய் எடுக்க ஆலைகளும் போதவில்லை, விலையும் சரிந்தது, வாங்க ஆளில்லாமல் பயிர் கிடந்தது. எத்தனை செடி நடலாம் என்பதை நிலத்தை அளந்து முடிவு செய்யாதீர்கள், உலர்த்தும் அறையை அளந்து முடிவு செய்யுங்கள்.

பல நாடுகளில் நாருக்கும் விதைக்கும் அனுமதி உண்டு, பூவுக்கு இல்லை. அதை எழுத்தில் உறுதி செய்யாமல் ஒரு விதைகூட மண்ணில் விழக் கூடாது.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது முற்றிய பூவின் ஆய்வகச் சான்றிதழ் ஒன்றை முழுதாக அச்சிட்டு, அமில வடிவையும் சேர்த்து மொத்த டிஎச்சியை எப்படிக் கணக்கிடுவது என்று விளக்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்