வேலூர் பஸ் ஓட்டுநர்களுக்கும் சங்கத் தோழர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஓட்டுநர் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும், எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும் சங்கத் தோழர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

காட்பாடி–பாகாயம் தடத்தில் பல வருடம் பை மாட்டிய நடத்துநர் நான். இப்போது ஓய்வு. என்னோடு பதினோரு வருடம் வண்டி ஓட்டிய அண்ணன் 54 வயதில் போய்விட்டார். பாலாற்றுப் பாலத்தில் எத்தனை நெரிசல் இருந்தாலும் யாரையும் உரசாமல் கொண்டுபோகிற கை அவருக்கு. கோட்டை மைதானத்துக்கு நடக்க வாங்கண்ணே என்று கூப்பிடும்போதெல்லாம், "இந்த வயித்தோட அங்க வந்தா நாலு பேர் சிரிப்பான்டா, கொஞ்சம் குறையட்டும், அப்புறம் வரேன்" என்பார். அந்த 'அப்புறம்' வரவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தொப்பை குறையாவிட்டாலும் உடம்பு அசைந்தாலே இதயத்துக்கு நல்லது. நம் தொழிலை வைத்தே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர், மாடி பஸ் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-இல் ஆய்வு வெளியிட்டார். இருவருக்கும் ஒரே வண்டி, ஒரே ஊர். ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார், இன்னொருவர் நாளுக்கு நூற்றுக்கணக்கான படி ஏறி இறங்கினார். நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. வந்தாலும் சட்டென்று உயிர் போவது இன்னும் குறைவு.

ஓட்டுநர்களுக்கு இடுப்பு பெருத்திருக்கும், அதனால்தான் என்று யாருக்கும் தோன்றும். மோரிஸுக்கும் தோன்றியது. சீருடை தைத்த பேன்ட் அளவுகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒல்லியானவரை ஒல்லியானவரோடும், பருத்தவரைப் பருத்தவரோடும் வைத்துப் பார்த்தபோதும் நடத்துநர்களே தப்பித்தார்கள். உடம்பு அசைவதற்கென்று தனியாக ஒரு பலன் இருக்கிறது, தொப்பை குறையும்வரை அது காத்திருப்பதில்லை.

2015-இல் வந்த ஐரோப்பிய ஆய்வும் இதையே சொல்கிறது. 3,34,161 பேரைச் சுமார் 12 வருடம் கவனித்தார்கள். துளியும் அசையாதவர்களைவிட, தினம் 20 நிமிட வேக நடை அளவுக்காவது உடம்பை அசைத்தவர்களுக்குச் சீக்கிரமே சாகும் அபாயம் 16 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தது. பருமனானவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஐரோப்பாவில் உடல் பருமனால் நேரும் சாவைப் போல இரு மடங்கு சாவு அசையாமல் இருப்பதால் நேர்கிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

அதற்காகத் தொப்பையை விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. நம் ஆட்களுக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள், குடலையும் ஈரலையும் சுற்றிக் கொழுப்பு சேரும். சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றையும் கிளப்பிவிடுவது அதுதான். ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், பெண்ணுக்கு 80. தினமும் நடந்தால், எடை முள் நகராவிட்டாலும், இந்த உள் கொழுப்பு கரையும். எடை குறையவில்லையே என்று பாதியில் விட்டவர்கள் தயவுசெய்து மறுபடி தொடங்குங்கள்.

நடத்துநர் தம்பிகளுக்கும் ஒன்று. பின் சீட்டில் உட்கார்ந்தபடி காசைக் கைமாற்றி வாங்கினால் நீங்களும் ஓட்டுநர் கணக்குத்தான்.

சங்கத் தோழர்களே, சம்பளத்துக்கும் பஞ்சப்படிக்கும் போராடி வாங்கித் தந்தவர்கள் நீங்கள். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேருங்கள். ஒவ்வொரு சிங்கிள் (ஒரு வழி ஓட்டம்) முடிவிலும் வண்டியை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் நடக்க ஷெட்யூலிலேயே நேரம் வேண்டும். டிப்போவில் நிழலோடு ஒரு நடைபாதை வேண்டும், கத்திரி வெயிலில் வேலூர் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். வருடம் ஒருமுறை இடுப்பளவு, பிரஷர், சர்க்கரை பார்க்க வேண்டும். அளவு கூடியவரை வேலையை விட்டு நிறுத்திவிடக் கூடாது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள், இல்லாவிட்டால் பயந்துகொண்டு ஒருவரும் பரிசோதனைக்கு வரமாட்டார்கள்.

நடக்கும்போது மார்பு இறுகினாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ ஓடினாலோ கேஸ் என்று சோடா குடித்துவிட்டு உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் தினம் காலை ஐந்தரைக்குக் கோட்டை மைதானத்தில் இருப்பேன். எந்த வயிற்றோடு வேண்டுமானாலும் வாருங்கள் அண்ணே, சேர்ந்து நடப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர், வேலூர்