கட்டிலுக்கடியில் இருக்கிற அரிவாள்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. அடுத்த தெருவில் பூட்டை உடைத்த நாளிலிருந்து மாப்பிள்ளை கட்டிலுக்கடியில் அரிவாள் வைத்துக்கொண்டு படுக்கிறார், காம்பவுண்டுச் சுவரில் கரண்ட் கம்பி இழுக்க ஆள் தேடுகிறார் என்று நேற்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் பதில் சொன்னால் பாதி பாப்பாவின் அழுகையில் போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே. மாமனார் கிளாஸ் எடுக்கிறார் என்று நினைப்பார். நீயே பக்குவமாக எடுத்துச் சொல்.

முதலில் அந்தக் கம்பி. அதை நாளைக்கே நிறுத்து. பீகாரில் ஒருவர் தன் கழிப்பறையை அக்கம்பக்கத்தார் பயன்படுத்துவது பிடிக்காமல் அங்கே மின்சாரக் கம்பியை மூடாமல் இழுத்து விட்டார். எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை. உள்ளே போய்வந்த ஒரு பெண்ணின் கை பட்டு அவர் இறந்தார். ‘என் இடம், என் சொத்து, அத்துமீறி வந்தது அவர்தானே’ என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. செருபின் கிரிகோரி எதிர் பீகார் மாநிலம் என்று சட்டப் புத்தகங்களில் இருக்கும் வழக்கு அது. அத்துமீறி நுழைந்தவரும் மனிதர்தான், அவரைக் கொல்லப் பொறி வைக்கிற உரிமை சொத்துக்காரருக்கு இல்லை என்று கோர்ட் தண்டனையை உறுதி செய்தது. அப்போது பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு, அதாவது அஜாக்கிரதையால் உயிர் போக வைப்பது, அதிகபட்சம் 2 வருடம். இப்போது அதே குற்றம் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(1), 5 வருடம் வரை. உயிர் போகும் என்று தெரிந்தே வைத்தாய் என்று போலீஸ் எடுத்துக்கொண்டால் வழக்கு பிரிவு 105-க்கு, அதாவது கொலை என்ற அளவுக்கு வராத மரணக் குற்றத்துக்கு, போய்விடும். அதற்குத் தண்டனை இன்னும் பெரியது.

சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பது, கூர்க்கம்பி வைப்பது எல்லாம் வேறு. பார்த்த கண்ணுக்கு அது தெரியும், ஏறுகிறவன் யோசிப்பான். விட்டு விட்டு அதிர்ச்சி கொடுக்கிற எனர்ஜைசர் வேலியும் வேறு. வீட்டு லைனின் 230 வோல்ட்டை நேரே கம்பியில் விடுவது இருக்கிறதே, அது திருடனுக்கும் பந்து எடுக்க ஏறுகிற பையனுக்கும் வித்தியாசம் பார்க்காது. ஆபத்து வந்ததா, போய்விட்டதா என்றும் அதற்குத் தெரியாது. தற்காப்புச் சட்டம் முழுக்க நிற்பதே அந்த ஒரு கேள்வியின் மேல்தான்.

அந்தச் சட்டம் பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. எண்தான் மாறியது, சரக்கு பழையதுதான். உன் உடம்பை, இன்னொருவர் உடம்பை, உன் சொத்தை, பிறர் சொத்தைக் காப்பாற்ற நீ பலம் பயன்படுத்தினால் அது குற்றமே இல்லை. வேலைக்கு வரும் அக்காவுக்காகவும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்காகவும் நீ இறங்கலாம். எதிரே இருப்பவன் குடிபோதையிலோ புத்தி பேதலித்தோ இருந்தாலும் உனக்கு அந்த உரிமை உண்டு. ஓடி ஒளிய வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. உயிருக்கு பயந்து நிற்கிறவன் ஒவ்வொரு அடியையும் தராசில் நிறுத்துக் கொடுக்க முடியாது என்பதையும் கோர்ட்டுகள் பல காலமாக ஏற்றுக்கொண்டுதான் வருகின்றன.

ஆக, உரிமை பெரியதுதான். ஆனால் ஆயுசு குறைவு. மாப்பிள்ளைக்குப் புரிய வேண்டியது இந்த இரண்டாவது பாதி.

உயிரே போனாலும் குற்றமாகாத சந்தர்ப்பங்கள் பிரிவு 38-லும் 41-லும் இருக்கின்றன. 38 உடம்புக்கானது: கொன்றுவிடுவான், கொடுங்காயம் செய்துவிடுவான் என்று நியாயமாக பயப்படும்படியான தாக்குதல், பலாத்காரம், ஆள் கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவை. 41 சொத்துக்கானது: கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடக்கும் கன்னக்களவு, மனிதர் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீ வைப்பது, உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஆகும் என்று பயப்பட வைக்கிற சூழ்நிலையில் நடக்கும் திருட்டு, சேதம், வீடு புகுதல்.

‘ராத்திரி கன்னக்களவு’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள் வந்தவனை வெட்டலாம் என்று சட்டமே சொல்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பிரிவு 41-ன் முதல் வரியிலேயே ‘37-ல் உள்ள கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு’ என்று இருக்கிறது. அந்த வரியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. 37 சொல்வது இது: தற்காப்புக்குத் தேவையானதைவிட ஒரு பங்குகூட அதிகத் தீங்கு செய்யக் கூடாது. அதிகாரிகளின் உதவியைப் பெற அவகாசம் இருந்தால் உரிமையே கிடையாது.

கன்னக்களவு என்பதற்கும் கணக்கு உண்டு. தானே ஒரு வழி உண்டாக்கி நுழைவது, ஆள் நுழைவதற்கல்லாத வழியாகவோ சுவர் ஏறிக் குதித்தோ வருவது, பூட்டைத் திறப்பது, தாழ்ப்பாளை நீக்குவது, ஆளைத் தாக்கி அல்லது மிரட்டி நுழைவது போன்ற ஆறு வகை. மொட்டை மாடிக் கதவின் தாழ்ப்பாளை நெம்பி இறங்கினால் கன்னக்களவு. நீங்கள் திறந்துபோட்ட வாசல் கதவு வழியாக ஒருவன் நடந்து உள்ளே வந்தால் அது வெறும் வீடு புகுதல். அப்போது உயிர் பயம் இருந்ததா என்ற கேள்வி தனியாக எழும். இரவும் சூரியக் கணக்குதான், நாம் தூங்கப் போகிற நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பகல் பதினோரு மணிக்குப் பூட்டை உடைத்தவன் இந்த வரிக்குள் வரமாட்டான்.

ஒரு ஜன்னலை எடுத்துக்கொள். ராத்திரி இரண்டு மணி, கம்பிக்குள் கை விட்டு ஒருவன் மேஜை மேல் இருக்கும் செல்லைத் துழாவுகிறான். உடம்பின் எந்தப் பகுதி உள்ளே வந்தாலும் நுழைந்ததாகவே கணக்கு. ஜன்னல் ஆள் நுழையும் வழியும் அல்ல. ஏட்டுப்படி அது கன்னக்களவு. அந்தக் கையைக் கம்பால் அடிக்கலாம், ஜன்னல் கதவைச் சாத்தி நசுக்கலாம். அரிவாளால் மணிக்கட்டில் ஒரே போடு போட்டால்? செல்போனைக் காப்பாற்ற அது தேவைப்பட்டதா என்று கேட்பார்கள். பதில் இருக்காது.

இனி அந்த ஆயுசு விஷயம். உடம்புக்கான உரிமை, முதல் அடி விழும்வரை காத்திருக்காது. நியாயமான பயம் எழுந்த நொடியில் தொடங்கும், பயம் தீர்ந்த நொடியில் முடியும். இரவுக் கன்னக்களவில், அவன் உள்ளே இருக்கும்வரை. திருட்டில், பொருளோடு தப்பிப் போகும்வரை, அல்லது பொருள் மீட்கப்படும்வரை, அல்லது போலீஸ் உதவி வரும்வரை. திருடன் கத்தியைக் காட்டித் திரும்பினால் திருட்டு அங்கேயே கொள்ளையாகிவிடும், உன் உரிமையும் அதோடு ஏறும். கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சுவர் ஏறினால் இறங்கும். சுவருக்கு அப்பால் துரத்திப் போய் முதுகில் வெட்டினால் அது தற்காப்பே இல்லை, தாக்குதல். காயம் முன்பக்கமா முதுகிலா, எத்தனை, ரத்தம் ஹாலில் இருந்ததா தெருவில் இருந்ததா என்பதைப் பிரேதப் பரிசோதனை அறிக்கையும், சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதுகிற பார்வை மகஜரும் சொல்லிவிடும். சாட்சி மாற்றிச் சொல்லலாம், ரத்தக்கறை மாற்றிச் சொல்லாது.

பிடித்தவனைக் கம்பத்தில் கட்டி ஊரே அடிக்கிறதே, அதுவும் இதே ரகம்தான். கட்டியாயிற்று என்றால் ஆபத்து முடிந்தது என்று அர்த்தம், அதற்குப் பிறகு விழுகிற ஒவ்வொரு அடிக்கும் அடித்தவர்தான் பொறுப்பு. பிடித்து வைக்கலாம். உன் கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்தைச் செய்தவனைப் பொதுமக்களே கைது செய்யப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 40 இடம் தருகிறது. தாமதிக்காமல், எப்படிப் போனாலும் 6 மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

அளவு மீறிவிட்டால் எல்லாம் போச்சு என்றும் இல்லை. நல்லெண்ணத்தில், முன்திட்டம் இல்லாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணமில்லாமல் எல்லை தாண்டி உயிர் போயிருந்தால் அது கொலையாகாது, 105-ல் வரும். ஆனால் அதுவும் ஜெயில்தான். ‘முன்திட்டம் இல்லாமல்’ என்ற இடத்தில் அரசு வக்கீல் நிதானமாகக் கேட்பார்: கட்டிலுக்கடியில் அரிவாள் எத்தனை நாளாக இருந்தது? வைத்திருந்ததே முன்திட்டம் ஆகிவிடாது, ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார்.

அரிவாளின் நிஜமான குறை சட்டம்கூட இல்லை. அதற்கு ‘லேசாக’ என்றால் என்னவென்று தெரியாது. ஓங்கினால் வெட்டுத்தான். கம்பு அப்படியில்லை, தள்ளலாம், தடுக்கலாம், கையில் ஒன்று போடலாம். மூன்றடிக் கம்பு போதும், அதற்கு மேல் நீளமானால் அறைக்குள் ஃபேனிலும் பீரோவிலும் இடிக்கும். சுற்றி வீசாமல் ஈட்டிபோல் நேரே குத்தித் தள்ளச் சொல். அடிக்க நேர்ந்தால் கை, கால், தலையில் வேண்டாம். எலும்போ பல்லோ உடைந்தாலே சட்டத்தில் அது கொடுங்காயம் என்பதையும் மனதில் வை. பெப்பர் ஸ்ப்ரே வைத்துக்கொள்ளலாம், ஆனால் மூடிய அறைக்குள் அடித்தால் முதலில் இருமுவது நம் பாப்பாதான். கதவுக்கு வெளிப்பக்கமாக மட்டும்.

சத்தம் கேட்டால் தேடிக்கொண்டு போகாதீர்கள். மூவரும் ஒரே அறை, கதவைத் தாழிடு, போலீஸுக்கு 112. போன் எப்போதும் படுக்கையறையில் சார்ஜ் ஆகட்டும், ஹாலில் வேண்டாம். முகவரியை முதலில் சொல், விஷயம் பிறகு. லைன் அறுந்தாலும் எங்கே வர வேண்டும் என்பது போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு விளக்கைப் போட்டு, உரக்க ‘யாரு?’ என்று கேள். இருட்டில் வந்தவர் சொந்தச் சாவியோடு வந்த உன் கொழுந்தனாராகவும் இருக்கலாம். திருடன் என்று நல்லெண்ணத்தில் தவறாக நினைத்து அடித்தவர் மேல் குற்றமில்லை, ஆனால் அடிபடுகிற அந்த மனிதருக்கும் திருப்பி அடிக்கிற அதே உரிமை உண்டு என்று சட்டம் உதாரணத்தோடு சொல்கிறது. ஒரே அறைக்குள் இரண்டு பேருக்கும் உரிமை இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

அவன் ஓட ஒரு வழி விடுங்கள். மூலையில் மாட்டியவன்தான் கத்தி எடுப்பான்.

ஒருவேளை கைகலப்பு ஆகிவிட்டால், அதற்குப் பிறகு வரும் ஒரு மணி நேரம்தான் வழக்கை முடிவு செய்யும். அடிபட்டவன் திருடனானாலும் 108-ஐக் கூப்பிடு. தரையைக் கழுவாதே, உடைந்த பூட்டை எடுத்து வைக்காதே, கம்பை இருந்த இடத்திலேயே விடு. மாப்பிள்ளைக்குச் சின்னக் கீறல்தான் என்றாலும் அன்று இரவே ஜி.எச். போய் விபத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அந்த ஏ.ஆர். காப்பிதான் பிறகு பேசும். கேமரா இருந்தால் அந்த இரவின் பதிவைத் தனியாக எடு, கேமராவின் பதிவுப் பெட்டி (டிவிஆர்) பழையதை அழித்துக்கொண்டே போகும். கோர்ட்டில் காப்பியைக் கொடுக்கும்போது, புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷிய அதினியத்தின் 63(4) பிரிவில் மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கிற சான்றிதழும் கூடவே வேண்டும்.

இந்த மாதிரி வழக்குகள் கெடுவது பெரும்பாலும் முதல் வாக்குமூலத்தில்தான். பயத்தில் ‘நான் அடிக்கவே இல்லை, அவனே வழுக்கி விழுந்தான்’ என்று சொல்லிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து வக்கீல் தற்காப்பு என்பார். இரண்டும் சேராது. தற்காப்பை நிரூபிக்கிற சுமை, அதே அதினியத்தின் பிரிவு 108-படி, நம் பக்கம். சந்தேகமற நிரூபிக்கத் தேவையில்லை, அப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பும் அளவுக்குக் காட்டினால் போதும். அதற்கு முதல் வார்த்தை நேராக இருக்க வேண்டும்: உள்ளே வந்தான், இதை வைத்திருந்தான், இப்படி வந்தான், அடித்தேன், விழுந்ததும் நிறுத்தினேன். இவ்வளவு போதும், மேற்கொண்டு வக்கீல் வந்த பிறகு. அவன் தரப்பிலிருந்தும் ஒரு எஃப்ஐஆர் வரலாம், பதறாதே. நான் வந்து சேரும்வரை வக்கீல் யாரும் கிடைக்காவிட்டால் இலவச சட்ட உதவிக்கு 15100.

கடைசியாக உங்கள் படுக்கையறைக் கதவு. போன முறை வந்தபோது பார்த்தேன், தாழ்ப்பாளில் அரை அங்குல ஸ்க்ரூ. ஓங்கி ஒரு உதை விட்டால் தாழ்ப்பாள் மரத்தோடு பிய்ந்து வரும். இரண்டங்குல ஸ்க்ரூ ஒரு பாக்கெட் உன் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன், நிலைச்சட்டத்துக்குள் இறங்கும்படி ஆசாரியை வைத்துப் போடச் சொல். அப்படியே அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் இருக்கும் தாழ்ப்பாளையும் கழற்றிவிடு, வருகிறவன் முதலில் அதைத்தான் போடுவான்.

அரிவாள் நல்ல இரும்பு என்றால் அம்மாவிடம் கொடுத்துவிடு. இங்கே இளநீர் சீவ ஒன்று வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
அப்பா