ஒரு ரூபாய் பாக்கெட்டும் விழிப்புணர்வும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளாஸ்டிக் ஒழிப்பு என்று பேச்செடுத்தாலே 'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் வியாசர்பாடியில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். கொடுங்கையூர் குப்பைமேடு எரிந்தால் புகை எங்கள் வீட்டுக்குள்தான் வரும். எது குப்பையாகிறது என்று எங்களுக்குப் போஸ்டர் ஒட்டிக் காட்ட வேண்டியதில்லை.

என் கடைக்கு வருபவர்களில் பலரும் நாள்கூலிக்காரர்கள். சாயங்காலம் கையில் காசு வந்ததும் அன்றைக்கு வேண்டியதை வாங்கிப் போவார்கள். ஷாம்பூ, காபித்தூள், சோப்புத்தூள் எல்லாம் சின்னப் பாக்கெட்தான். 'பாட்டிலாக வாங்கினால் மிச்சமாகும், இவர்களுக்குப் புரியவில்லை' என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பல ஷாம்பூக்களில் மில்லிக்கு மில்லி பாட்டிலைவிட ஒரு ரூபாய் பாக்கெட்தான் மலிவு. கம்பெனி அப்படி விலை வைத்திருக்கிறது. வாங்குகிற அக்காவுக்கு அது நன்றாகவே புரிந்திருக்கிறது.

எண்ணெயும் அப்படித்தான். முன்பெல்லாம் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்து நூறு, இருநூறு என்று லூஸில் வாங்குவார்கள். 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் லூஸ் எண்ணெய் விற்பனைக்குத் தடை போட்டன. கலப்படத்தைத் தடுக்கத்தான், அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் பாட்டிலோடு வந்தவர்களைப் பாக்கெட்டுக்கு மாற்றியது சட்டம்தானே?

பால் கவரை இங்கே யாரும் தெருவில் வீசுவதில்லை. கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகும். ஷாம்பூ பாக்கெட்டை எந்தக் காயலான் கடையும் தொடாது. அது பல அடுக்கு பிளாஸ்டிக். மறுசுழற்சி செய்ய முடியாத அந்த வகையை இரண்டு ஆண்டுகளில் நிறுத்த வேண்டும் என்றுதான் 2016-இல் மத்திய அரசின் விதிகள் சொல்லின. 2018-இல் திருத்தினார்கள்: எரித்து ஆற்றல் எடுக்கலாம் அல்லது வேறு எதற்காவது பயன்படும் என்றால் போதும், கம்பெனிகள் அந்தத் தடையிலிருந்து தப்பித்துவிடலாம். கேரி பேக் கொடுத்ததற்கு அபராதம் மட்டும் எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு.

நீலகிரியில் 2022-இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுத்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் கடைக்குத் திரும்பி வந்தன. குடித்தவர்களுக்கு யாரும் சுற்றுச்சூழல் வகுப்பு எடுக்கவில்லை.

பாக்கெட்டுக்கும் அதைச் செய்யலாம். ஐந்து காலிப் பாக்கெட் கொடுத்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்று சிக் ஷாம்பூ ஒரு காலத்தில் வியாபாரத்தைப் பெருக்கியதே! ஐந்து கட்டுப்படியாகாது என்றால் இருபதுக்கு ஒன்று தரட்டும். காலிகளை வாங்கிக் கட்டிவைக்க என் கடையில் இடம் இருக்கிறது. கம்பெனி வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனால் சரி.

— மளிகைக்கடைக்காரர்,
வியாசர்பாடி, சென்னை-39