வலி மாத்திரைய நம்பி இருக்காத கண்ணு

கண்ணு, போன்ல சொன்னா "சரிம்மா சரிம்மா"ன்னு வெச்சுருவ, அதான் டைப் பண்ணி அனுப்பறேன், முழுசா படி.

தீபாவளிக்கு வந்தப்ப முறுக்கு அச்ச அழுத்த முடியாம கைய மாத்தி மாத்தி புடிச்சியே, நான் பாத்துட்டுதான் இருந்தேன். உன் பேக்ல டைக்ளோஃபினாக் வலி மாத்திரை அட்டை பாதி காலி, முடக்குவாதத்துக்குன்னு வாரம் ஒருக்கா போடற மெத்தோட்ரெக்ஸேட் பிரிக்காமயே கெடக்கு. கேட்டா முடி கொட்டுது, மறுநாள் பூரா கொமட்டுதுங்கற. கஷ்டம்தான், இல்லைங்கல. டாக்டர்கிட்ட சொன்னா டோஸ் மாத்துவாங்க, ஊசியா குடுப்பாங்க, ஃபோலிக் ஆசிட் ஒழுங்கா போட்டாலே கொமட்டல் கொறையும். நீயா நிறுத்தறதுதான் எனக்கு பயமா இருக்கு.

ஏன்னா இது மூட்டோட நிக்கற நோய் இல்ல சாமி. முடக்குவாதம் இருக்கறவங்களுக்கு ஹார்ட் பிரச்சன வர்ற ரிஸ்க் மத்தவங்கள விட சுமார் ஒன்றரை மடங்கு. விரல வீங்க வெக்கற அதே அழற்சிதான் ரத்தக்குழாய்க்குள்ளயும் வேலைய காட்டுது, அங்க வலிக்காது அதனால தெரியாது. வலி மாத்திரை வலிய மட்டும் அமுக்கும், நோய் பாட்டுக்கு உள்ள ஓடிட்டே இருக்கும், போதாததுக்கு டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைய மாசக்கணக்கா போட்டா பிபியும் ஏறும் ஹார்ட் அட்டாக் ரிஸ்க்கும் ஏறும். வயாக்ஸ்னு ஒரு வலி மாத்திரைய இதே காரணத்துக்காக 2004ல கம்பெனியே மார்க்கெட்ல இருந்து எடுத்துட்டாங்க. மெத்தோட்ரெக்ஸேட் போடற முடக்குவாதக்காரங்களுக்கு ஹார்ட் பிரச்சன கம்மியா வருதுன்னு பல ஆராய்ச்சில பாத்திருக்காங்க, அத போய் ஓரங்கட்டிட்டியே.

கொலஸ்ட்ரால் நார்மல்னு சொன்ன. நோய் தீவிரமா இருக்கறப்ப அது கொறச்சலாதான் காட்டுமாம், அத வெச்சு நிம்மதி ஆயிராத.

உன் ஃப்ரெண்டு சொன்ன டோஃபாசிடினிப்ங்கற முடக்குவாத மாத்திரையையும் நீயா ஆரம்பிக்காத. அதுக்கு 2021ல அமெரிக்காவுல ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக்னு பெரிய எச்சரிக்கையே போட்டிருக்காங்க, யாருக்கு குடுக்கலாம்னு டாக்டர்தான் பாக்கணும்.

இந்த சனிக்கிழமை மாப்பிள்ளையோட போய் மூட்டு டாக்டர பாரு. நிறுத்துனத மறைக்காம சொல்லு, அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சதையும் சொல்லு. பிபி, சுகர், அழற்சி எவ்வளவுன்னு காட்டற சிஆர்பி டெஸ்ட் எல்லாம் பாத்துரு. குழந்தைக்கு யோசிக்கறீங்கன்னா அதையும் மொதல்லயே சொல்லிரு, மெத்தோட்ரெக்ஸேட் கர்ப்பத்துல கூடவே கூடாது. ரிப்போர்ட் வந்ததும் வாட்ஸப்ல போடு.

அம்மா